மின்காந்தவியல், சார்பியல் கணக்குகளில் சிக்கிக்கொண்டால்: சரியான உதவி பெற ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்பியல் பட்டப்படிப்பில் மின்காந்தவியலும் சிறப்புச் சார்பியலும் தனித்தனித் தாள்களாக வருகின்றன. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்று. ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட சார்பியல் கட்டுரையின் தலைப்பே இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியதுதான். காந்தத்தை அசைத்துக் கம்பிச்சுருளை நிறுத்தி வைத்தாலும், சுருளை அசைத்துக் காந்தத்தை நிறுத்தி வைத்தாலும் ஒரே மின்னோட்டம்தான் கிடைக்கிறது. அப்படியிருக்க இரண்டுக்கும் இருவேறு விளக்கங்கள் ஏன் என்ற கேள்வியோடு அந்தக் கட்டுரை தொடங்குகிறது. வீட்டுப்பாடக் கணக்குகளில் நம் மாணவர்கள் திணறுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்: யார் பார்வையில் எது நகர்கிறது?

இந்தப் பாடங்களில் ஒரு கணக்கு நின்றுபோனால் காரணம் கணிதம் தெரியாதது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது அரிது. எந்தக் குறிப்பாயம் (யாருடைய பார்வையிலிருந்து இடத்தையும் நேரத்தையும் அளக்கிறோம்), எந்தப் பரப்பு, எந்த அலகு முறை என்று கணக்கின் தொடக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமலே சமன்பாட்டுக்குள் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். அந்த இடத்தை நீங்களே கண்டுபிடித்துக் காட்டினால் ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் வழிகாட்டிவிடுவார். காட்டாவிட்டால் முழு விடையையும் எழுதித் தருவார். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவீர்கள். அடுத்த கணக்கும் அதே இடத்தில் நிற்கும்.

முதல் படி: உதவி கேட்கும் முன் தாளில் இருக்க வேண்டியவை

கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடி படி எடுக்காமல் உங்கள் சொற்களில் இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கொடுத்திருந்தாலும் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது. எது கொடுக்கப்பட்டிருக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். பிறகு ஒரு படம். மின்காந்தவியலில் படம் இல்லாமல் எழுதிய விடையை நான் நம்புவதில்லை. அச்சுகள், மின்னோட்டத்தின் திசை, பரப்பின் செங்குத்துத் திசை மூன்றும் அதில் இருக்க வேண்டும். தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசையைச் சொல்லும் லென்ஸ் (Lenz) விதிக் கணக்குகளில் வரும் குறித் தவறுகளில் பெரும்பகுதி, பரப்பின் செங்குத்துத் திசையைக் குறிக்காததால் வருபவை.

அடுத்தது அலகு முறை. எஸ்.ஐ. முறையில் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் திசைவேகத்தின் அலகு வரும். காஸிய முறையில் இரண்டுக்கும் ஒரே அலகு. ஒளியின் திசைவேகம் சமன்பாடுகளில் வேறு இடங்களில் வந்து உட்காரும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் முதுநிலை மாணவர்கள் பயன்படுத்தும் ஜாக்சனின் மின்னியக்கவியல் நூலின் மூன்றாம் பதிப்பில் முதல் பத்து அத்தியாயங்கள் எஸ்.ஐ. முறையிலும், சார்பியல் தொடங்கும் பதினோராம் அத்தியாயம் முதல் காஸிய முறையிலும் உள்ளன. இதைக் கவனிக்காமல் பத்தாம் அத்தியாயத்துச் சமன்பாட்டைப் பதினொன்றாம் அத்தியாயத்துக் கணக்கில் போட்டால் எத்தனை முறை சரிபார்த்தாலும் விடை வராது. சார்பியலில் இதே போன்ற இன்னொரு தேர்வு உண்டு: இரு நிகழ்வுகளுக்கு இடையிலான காலவெளி இடைவெளியை எழுதும்போது காலப் பகுதிக்குக் கூட்டல் குறியா, இடப் பகுதிக்கா? இரண்டு வழக்கங்களும் புத்தகங்களில் இருக்கின்றன. எதை எடுத்தீர்கள் என்பதைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: மின்காந்தவியலில் சமச்சீர் முதலில், விதி பிறகு

மூடிய பரப்பின் வழியே செல்லும் மின்பாயத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதி எப்போதும் உண்மை. எப்போதும் பயன்படும் என்று சொல்ல முடியாது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள, மின்னூட்டம் பெற்ற ஒரு குச்சியிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மின்புலம் கேட்டால் உடனே உருளை வடிவக் காஸியப் பரப்பை வரைகிறார்கள். அந்தப் பரப்பின் வழியே செல்லும் மொத்த மின்பாயம் சரியாகவே கிடைக்கும். ஆனால் குச்சிக்கு முனைகள் இருப்பதால் பரப்பின் மேல் மின்புலம் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. அதைத் தொகையீட்டுக்கு வெளியே எடுக்க முடியாது. அங்கே கூலூம் விதியோடு நேரடித் தொகையீடுதான் வழி. ஆகவே, 'இந்த அமைப்பை எந்த அச்சைச் சுற்றித் திருப்பினால், எந்தப் பக்கம் நகர்த்தினால் மாறாமல் இருக்கும்?' என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதிவிட்டுத்தான் விதியைத் தொட வேண்டும்.

மின்னோட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதிக்கும் இதுவே. மின்னேற்றம் பெறும் வட்டத்தட்டு மின்தேக்கிக்குள் காந்தப்புலம் கேட்கும் கணக்கைப் பாருங்கள். தட்டுகளுக்கு இடையே மின்னூட்டம் எதுவும் பாயவில்லை. மாறும் மின்புலத்தால் வரும் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்தான் இருக்கிறது. மையத்திலிருந்து ஒரு தொலைவில் வட்டம் வரைந்தால் அந்த வட்டத்துக்குள் அடங்கும் பங்கை மட்டும் எடுக்க வேண்டும். முழு மின்னோட்டத்தையும் எடுத்துவிட்டால், மையத்தை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் எல்லையில்லாமல் பெருகுவதாக விடை வரும். சரியான விடையில் அது மையத்தில் பூஜ்யமாகி, தட்டின் விளிம்பில் கம்பிக்கு வெளியே கிடைக்கும் மதிப்போடு ஒத்துப்போகும். இப்படி இரண்டு ஓரங்களிலும் வைத்துப் பார்ப்பது யாரிடமும் போகாமலே நீங்கள் பெறக்கூடிய முதல் உதவி.

மூன்றாம் படி: சார்பியலில் சூத்திரத்துக்கு முன் நிகழ்வுகள்

கால விரிவு (நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவது), நீளக் குறுக்கம் (நகரும் பொருள் இயக்கத் திசையில் சுருங்குவது) என்ற இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு கணக்குக்குள் போவதுதான் சார்பியலில் வரும் குழப்பத்தின் ஊற்று. அவை இரண்டும் சிறப்பு நிலைகள். பொதுவானது லாரன்ஸ் உருமாற்றம். அது நிகழ்வுகளுக்கு உரியது. ஒரு நிகழ்வு என்றால் ஓர் இடம், ஒரு நேரம். எனவே முதலில் நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள்.

மியூயான் கணக்கை எடுத்துக்கொள்வோம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மியூயான்களை உண்டாக்குகின்றன. ஓய்வில் இருக்கும் மியூயானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தில் 0.995 பங்கு வேகத்தில் வந்தாலும் அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 660 மீட்டர்தான் கடக்க முடியும். நேரம் எத்தனை மடங்கு நீள்கிறது, நீளம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதைச் சொல்லும் எண் காமா; இந்த வேகத்துக்கு அதன் மதிப்பு 10. தரையில் இருப்பவர் பார்வையில் சராசரி ஆயுள் 22 மைக்ரோ விநாடியாகிறது. கடக்கும் தொலைவு 6.6 கிலோமீட்டர். மியூயானோடு பயணம் செய்பவர் பார்வையில் ஆயுள் 2.2 மைக்ரோ விநாடியேதான், அந்த 6.6 கிலோமீட்டர்தான் 660 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது.

தவறு எங்கே நடக்கிறது? ஆயுளைப் பத்தால் பெருக்கிவிட்டு, தொலைவையும் பத்தால் வகுத்துவிடுகிறார்கள். ஒரே விளைவை இருமுறை எடுத்துக்கொண்டதால் விடை பத்து மடங்கு பிசகிவிடும். நிகழ்வுகளை எழுதியிருந்தால் இது நேராது. நிகழ்வு ஒன்று: மியூயான் பிறக்கிறது. நிகழ்வு இரண்டு: மியூயான் சிதைகிறது. இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதாகக் காண்பவர் யார்? மியூயானோடு வருபவர். அவர் அளக்கும் நேரம்தான் இந்த இரு நிகழ்வுகளுக்கும் உரிய 'தன் நேரம்' (proper time). மற்றவர்கள் அனைவரும் அதைவிடக் கூடுதலாகவே அளப்பார்கள். இந்த ஒரு கேள்வி கால விரிவுக் கணக்குகளில் பாதியைத் தீர்த்துவிடும்.

விடையைச் சரிபார்க்கவும் ஒரு நல்ல வழி இருக்கிறது. 6.6 கிலோமீட்டர் கடந்த பிறகு எத்தனை மியூயான்கள் மிஞ்சியிருக்கும்? எண்ணிக்கை யார் பார்த்தாலும் ஒன்றுதான். இரண்டு குறிப்பாயங்களிலும் அது ஒரு சராசரி ஆயுள் தொலைவு. மிஞ்சுவது சுமார் 37 சதவீதம். சார்பியலை மறந்துவிட்டால் பத்து ஆயுள் கணக்காகி, சுமார் 22,000இல் ஒன்றுதான் மிஞ்சும். வேகம் கூடினால் மியூயான்கள் சிதையாமல் நீண்ட தொலைவு வருகின்றன என்பதை 1941இல் புரூனோ ரோசியும் டேவிட் ஹாலும் அளந்தே காட்டினார்கள்.

நீண்ட கம்பம் குறுகிய கொட்டகைக்குள் அடங்குமா என்பது போன்ற புதிர்க் கணக்குகளுக்கும் இதே முறைதான். அங்கே சிக்கல், இரண்டு கதவுகளும் 'ஒரே நேரத்தில்' மூடப்படுகின்றன என்ற தொடரில் ஒளிந்திருக்கும். யாருடைய கடிகாரப்படி ஒரே நேரம் என்று எழுதிய உடனே புதிர் அவிழ்ந்துவிடும்.

நான்காம் படி: இரு பாடங்களும் சந்திக்கும் ஒரு கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். நீண்ட நேர்க்கம்பியில் மின்னோட்டம் செல்கிறது. கம்பியில் நிகர மின்னூட்டம் இல்லை. கம்பிக்கு இணையாக, உள்ளே எலக்ட்ரான்கள் நகரும் அதே திசையில், அதே வேகத்தில் ஒரு நேர்மின்னூட்டம் வெளியே நகர்கிறது. அதன் மேல் என்ன விசை?

ஆய்வகத்தில் நிற்பவருக்கு விடை எளிது. மின்புலம் இல்லை, காந்தப்புலம் இருக்கிறது. விசை என்பது மின்னூட்டம், திசைவேகம், காந்தப்புலம் மூன்றின் பெருக்கல். நேர்மின்னூட்டம் மின்னோட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதால் விசை அதைக் கம்பியிலிருந்து விலக்கும்.

இப்போது அந்த மின்னூட்டத்தோடு சேர்ந்து நகருங்கள். மின்னூட்டம் ஓய்வில் இருக்கிறது. காந்த விசை பூஜ்யம். ஆனாலும் அது கம்பியை விட்டு விலகுவதை மின்னூட்டத்தோடு நகர்பவரும் பார்த்தாக வேண்டும். அப்படியானால் மின்புலம் இருந்தே தீர வேண்டும். எங்கிருந்து வந்தது? இவர் பார்வையில் செம்பின் நேர் அயனிகள் பின்னோக்கி நகர்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள தொலைவு சுருங்குவதால் நேர்மின்னூட்ட அடர்த்தி காமா மடங்கு கூடுகிறது.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். எலக்ட்ரான்களின் அடர்த்தியை முன்பு இருந்தபடியே வைத்துக்கொண்டு இரண்டையும் கழிக்கிறார்கள். கிடைக்கும் விசை, குறைந்த வேகங்களில் எதிர்பார்த்ததில் பாதியாக வரும். இந்தப் 'பாதி' ஒரு நல்ல தடயம். ஆய்வகத்தில் எலக்ட்ரான்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அங்கே அளந்த இடைவெளி ஏற்கெனவே சுருங்கிய இடைவெளி. அவை ஓய்வில் இருக்கும் இந்தக் குறிப்பாயத்தில் இடைவெளி விரிகிறது; எதிர்மின்னூட்ட அடர்த்தி காமாவால் வகுபடுகிறது. அயனிகள் நெருங்கியதும் எலக்ட்ரான்கள் விலகியதும் சேர்ந்துதான் முழு விசையைத் தருகின்றன. இரண்டையும் சேர்த்தால் இந்தக் குறிப்பாயத்தில் விசை, ஆய்வக விசையைப் போல் காமா மடங்கு வரும். இயக்கத் திசைக்குச் செங்குத்தான விசை ஆய்வகத்துக்கு மாறும்போது காமாவால் வகுபடும் என்பதால் இரண்டும் துல்லியமாகப் பொருந்துகின்றன.

'மின்னோட்டம் தொடங்கியதும் ஆய்வகத்திலேயே எலக்ட்ரான் இடைவெளி சுருங்கிக் கம்பி எதிர்மின்னூட்டம் பெற்றுவிடாதா?' என்று ஒரு மாணவர் கேட்டால் அவர் நன்றாகச் சிந்திக்கிறார் என்று பொருள். எலக்ட்ரான்கள் ஒரு விறைப்பான கோலில் பதிக்கப்பட்டவை போன்றவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே முடுக்கம் பெறுகிறது. கம்பி ஆய்வகத்தில் நடுநிலையில் இருக்கிறது என்பது கணக்கில் கொடுக்கப்பட்ட நிபந்தனை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்களைப் போட்டால் வேறொரு பொறி காத்திருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் சென்றால், கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ எலக்ட்ரான்கள் என்று கொண்டு, இழுப்புத் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வேகத்துக்குக் காமாவைக் கால்குலேட்டரில் போட்டால் 1 என்றுதான் காட்டும். 1ஐக் கழித்தால் பூஜ்யம். உண்மையான வேறுபாடு 10⁻²⁶ அளவில் இருக்கிறது. கால்குலேட்டர் வைத்திருக்கும் இலக்கங்கள் அதற்குப் போதா. ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்து, வேகங்களின் விகிதத்தின் இருமடியாக எழுதிவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும். இவ்வளவு சிறிய எண் கண்ணுக்குத் தெரியும் விசையாக எப்படி மாறுகிறது? ஒரு மீட்டர் கம்பியில் நகரும் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் சுமார் 13,600 கூலூம். அவ்வளவு பெரிய இரண்டு எண்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி நிற்கும் இடத்தில் ஏற்படும் நுண்ணிய பிசகுதான் நமக்குக் காந்த விசையாகத் தெரிகிறது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஓர் எச்சரிக்கை. 'மின்னூட்டத்தோடு நகர்ந்தால் காந்தப்புலம் மறைந்துவிடும்' என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். அது தவறு. காந்த விசைதான் பூஜ்யமாகிறது. அயனிகள் நகர்வதால் காந்தப்புலம் அங்கேயும் இருக்கிறது, சற்றுக் கூடுதலாகவே. மின்புலத்தின் இருமடியிலிருந்து, ஒளிவேகத்தால் பெருக்கிய காந்தப்புலத்தின் இருமடியைக் கழித்தால் வரும் மதிப்பு எல்லாக் குறிப்பாயங்களிலும் மாறாது. ஆய்வகத்தில் அது எதிர்க்குறியோடு இருக்கிறது; ஆகவே இந்த அமைப்பை வெறும் மின்புலமாக மட்டும் காணும் குறிப்பாயம் எதுவும் கிடையாது. உங்கள் விடையையும் இந்த மாறிலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஐந்தாம் படி: கேள்வியை எழுதுதல்

'சார், கம்பிக் கணக்கு வரவில்லை' என்று கேட்டால் ஆசிரியருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐயா, வணக்கம். மின்னோட்டம் செல்லும் நேர்க்கம்பிக்கு இணையாக, எலக்ட்ரான்களின் திசைவேகத்திலேயே ஒரு நேர்மின்னூட்டம் நகர்கிறது. அதன் மேலுள்ள விசையை அதன் குறிப்பாயத்தில் காண வேண்டும். எஸ்.ஐ. அலகுகளில் செய்தேன். அயனிகளின் அடர்த்தியைக் காமாவால் பெருக்கினேன். எலக்ட்ரான்களின் அடர்த்தியை மாற்றவில்லை. ஆய்வக விடையில் பாதிதான் வருகிறது. என் மூன்றாவது வரியில் தவறு இருக்கும் என்று நினைக்கிறேன். எலக்ட்ரான்கள் ஓய்வில் இருக்கும்போது அவற்றின் அடர்த்தியை எப்படி எடுப்பது?"

இதில் கணக்கு, அலகு, செய்த முயற்சி, வந்த விடை, வந்திருக்க வேண்டிய விடை, சந்தேகப்படும் வரி எல்லாம் இருக்கின்றன. இந்த அளவுக்கு எழுதும்போதே விடை பல நேரங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும். தாளைப் படம் பிடித்து அனுப்புவதாக இருந்தால் வரிகளுக்கு எண் போட்டு அனுப்புங்கள்.

ஆறாம் படி: யாரிடம், எதற்காக

பாடம் நடத்தும் ஆசிரியரிடம் கருத்துச் சந்தேகங்களைக் கொண்டு போங்கள்; இயற்கணிதப் பிசகுகளுக்குச் சக மாணவரே போதும். கணக்கைத் தனித்தனியே செய்து, இருவரின் தாளையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால் தவறு தானாக வெளிப்படும். மூத்த மாணவர்களிடம் பழைய விடைத்தாள்களை வாங்குவதைவிட, எந்தக் கணக்கில் அவர்கள் தடுமாறினார்கள் என்று கேட்பது அதிகப் பயன் தரும்.

விரிவுரைகள் வேண்டுமென்றால் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் தளத்தில் மின்காந்தவியலுக்கும் சார்பியலுக்கும் பாடங்கள் உள்ளன. முழுப் பாடத்தையும் பார்க்க உட்காராதீர்கள். நின்ற இடத்துக்கு உரிய பகுதியை மட்டும் பாருங்கள். முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம், கேட் ஆகியவற்றின் பழைய வினாத்தாள்கள் விடைக்குறிப்போடு கிடைக்கின்றன. அவற்றில் விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. பயிற்சிக்கு அதுவே நல்லது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் 'விடை கொடு' என்று கேட்காதீர்கள். உங்கள் வரிகளைக் கொடுத்து, முதலில் எந்த வரி பிழை என்று கேளுங்கள். அவை தெளிவான நடையில் தவறான குறியையும், விடுபட்ட 2ஐயும் எழுதித் தரக்கூடியவை. ஆகவே கிடைத்த பதிலை அலகு, ஓர எல்லை, குறைந்த வேகத்தில் பழைய விடை வருகிறதா என்ற மூன்று சோதனைகளிலும் நிறுத்திப் பாருங்கள். ஆசிரியர் தந்த பதிலையும் அப்படியே சோதிக்கலாம். நல்ல ஆசிரியர் அதற்காக மகிழ்வார்.

ஏழாம் படி: விடை கிடைத்த பிறகு

மறுநாள் எதையும் பார்க்காமல் கணக்கை வெற்றுத்தாளில் மறுபடி செய்யுங்கள். வந்துவிட்டால் ஒரு நிபந்தனையை மாற்றுங்கள். கம்பிக் கணக்கில், வெளியே நகரும் மின்னூட்டத்தின் வேகம் எலக்ட்ரான்களின் வேகத்துக்குச் சமமாக இல்லை என்று வையுங்கள். இப்போது எலக்ட்ரான்கள் புதிய குறிப்பாயத்தில் ஓய்வில் இல்லை. திசைவேகக் கூட்டல் விதி தேவைப்படும். அடர்த்தியில் வரும் நிகர மாற்றம் இரண்டு வேகங்களின் பெருக்கலுக்கு நேர்விகிதமாக அமைந்து, விசை மறுபடியும் ஆய்வக விடையோடு பொருந்தும்.

அடுத்து, மின்னூட்டம் கம்பியை நோக்கிச் செங்குத்தாக வருவதாக வையுங்கள். ஆய்வகத்தில் விசை கம்பியின் நீளவாட்டில் இருக்கும். மின்னூட்டத்தின் குறிப்பாயத்தில் நீளக் குறுக்கத்தை வைத்து இதை விளக்க முயன்றால் ஒன்றும் கிடைக்காது. அயனிகளின் அடர்த்தியும் எலக்ட்ரான்களின் அடர்த்தியும் சமமாகவே நிற்கும். வேகமாக நகரும் மின்னூட்டத்தின் மின்புலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை, இயக்கத் திசைக்குச் செங்குத்தாக வலுத்தும் இயக்கத் திசையில் மெலிந்தும் இருக்கும் என்பதைக் கொண்டுவர வேண்டும். இந்தக் குறிப்பாயத்தில் எலக்ட்ரான்கள் சாய்வாக நகர்கின்றன, அயனிகள் நேராக நகர்கின்றன. படத்தை வரைந்து, இரண்டின் மின்புலங்களும் எங்கே சமன்படாமல் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.